மூன்று ஹெட்போன், ஒரே மிருதங்கம்: எச்டி 800 எஸ், எல்சிடி-எக்ஸ், கிளியர் எம்ஜி

லட்ச ரூபாயைத் தொட்டுவிட்டால் 'எது நல்ல ஹெட்போன்' என்ற கேள்விக்கு அவ்வளவாக அர்த்தமில்லை. அந்த விலையில் யாரும் கரகரவென்று பாடும் பொருளை விற்பதில்லை. எது எந்த ஒலியைத் தூக்கிக் கொடுக்கிறது, எதை அமுக்கிவிடுகிறது, நீங்கள் தினமும் கேட்கும் பாட்டுக்கு அது ஒத்துவருமா என்றுதான் பார்க்க வேண்டும். இங்கே அலசப்போவது சென்ஹைசர் எச்டி 800 எஸ், ஆடிஸி எல்சிடி-எக்ஸ் (2021-இல் திருத்திய வடிவம்), ஃபோக்கல் கிளியர் எம்ஜி ஆகிய மூன்றும். மூன்றுமே ஓப்பன் பேக். உள்ளே ஓடும் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். சமையலறையில் மிக்ஸி ஓடினால் உங்களுக்கும் கேட்கும். பஸ்ஸில் போட்டுக்கொண்டு போக வாங்குவதாக இருந்தால் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

மூன்றும் ஒலி எழுப்பும் விதமே வேறு. எச்டி 800 எஸ்ஸில் 56 மி.மீ. வளைய வடிவ டயாஃப்ரம், அதாவது அதிர்ந்து ஒலி எழுப்பும் படலம். அது காதுக்கு நேரே இல்லாமல் சற்று முன்னால், சாய்வாக உட்கார்ந்திருக்கிறது. எல்சிடி-எக்ஸ் பிளானர் வகை: காந்தங்களுக்கு நடுவே 106 மி.மீ. அகலத்தில் ஒரு மெல்லிய படலம், அதன் மேலேயே மின்கம்பித் தடம். படலம் முழுவதும் ஒன்றாக அசைகிறது. ஃபோக்கலில் இருப்பது 40 மி.மீ. மெக்னீசிய டோம், குறுக்குவெட்டில் பார்த்தால் எம் என்ற எழுத்து மாதிரி மடிந்திருக்கும். பிரான்சில் ஸ்பீக்கர் செய்து பழகிய கம்பெனியின் பழக்கம் அதில் தெரியும்.

தொப்பியில் ஒரு அடி

மூன்றையும் பிரித்துப் பார்க்க மிருதங்கத்தைவிட நல்ல கருவி கிடைப்பது கஷ்டம். ஒரே வாத்தியத்தில் மூன்று பகுதியும் இருக்கிறது: ரவை அப்பிய தொப்பியின் (இடப்பக்கம்) கனத்த அடி, வலந்தலையின் (வலப்பக்கம்) சுருதி சேர்ந்த நாதம், விரல் பட்டவுடன் வரும் 'டக்' என்ற கூர்மை. வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்புக் கரணையால்தான் அதன் ஹார்மோனிக்ஸ் (அடிப்படைச் சுருதியோடு சேர்ந்து எழும் மேல் ஒலிகள்) முழு எண் விகிதத்தில் அமைகின்றன. வெறும் தோல் மட்டும் கட்டிய மேளத்தில் அப்படி அமையாது. இப்படி நடுவில் பாரம் ஏற்றிய நம் நாட்டு மேளங்களைப் பற்றி சி.வி.ராமன் 1920-லேயே நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார். அந்த ஹார்மோனிக்ஸில் ஒன்றிரண்டை ஹெட்போன் கூட்டியோ குறைத்தோ கொடுத்தால், மிருதங்கம் கேட்டுப் பழகிய காது உடனே பிடித்துவிடும்.

எல்சிடி-எக்ஸில் தொப்பி அடி அடிவயிறு வரை இறங்கும். மணிக்கட்டை அழுத்தி இழுக்கும் கும்கி வரும்போது அந்தச் சறுக்கலைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடரலாம். காதைச் சுற்றி உட்காரும் மெத்தையான பேட் ஒழுங்காக ஒட்டியிருந்தால் 30 ஹெர்ட்ஸ் வரைகூட பாஸ் (தாழ்ந்த ஒலி) சரிவதில்லை. பேஸ் கிடாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அதையும் முழுசாகத் தரும். வலந்தலையில்தான் சிக்கல். 3 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வட்டாரத்தில் எல்சிடி-எக்ஸ் பள்ளம் விழுகிறது. 2021 திருத்தத்தில் அதைக் கொஞ்சம் நிரப்பினார்கள், இருந்தாலும் மிச்சம் இருக்கிறது. நம் காதுக்குழாயின் நீளத்தால் இயற்கையாகவே 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒலி தூக்கலாகும். அந்தத் தூக்கல் குறைந்தால் பாடகர் இரண்டு வரிசை பின்னால் தள்ளிப்போய் உட்கார்ந்த மாதிரி இருக்கும். வயலினின் வில் உராயும் சத்தமும் மழுங்கும்.

எச்டி 800 எஸ் இதற்கு நேர் எதிர். தொப்பி கேட்கும், எடை இருக்காது. கும்கியின் கடைசி இழுப்பு மெலிந்துவிடும். பதிலுக்கு விரல் படும் இடமே காதுக்குத் தெரியும்: ஓரத்தில் பட்டதா, கரணையில் பட்டதா என்று பிரித்துச் சொல்லலாம். தம்பூராவில் ஜீவாளி நூல் சரியாக உட்கார்ந்தால் எழும் அந்த ரீங்காரம், தந்தி ஓயும்வரை நிறம் மாறிக்கொண்டே போகிறதே, அதை இவ்வளவு பிரித்துத் தருவது மூன்றில் இது ஒன்றுதான். 2009-இல் வந்த பழைய எச்டி 800-இல் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் காதைக் குத்தும் ஒரு மேடு இருந்தது. 2016-இல் வந்த எஸ் வடிவத்தில் வளையத்தின் நடுவே அந்த அதிர்வை விழுங்கும் ஒரு சிறு அறையை வைத்து மேட்டைக் குறைத்தார்கள். குறைந்ததே தவிர, போகவில்லை. 'சிவ', 'ஸ்வர', 'ஸ்ரீ' என்று வாய் பக்கத்தில் மைக் வைத்துப் பாடிய பதிவுகளில் 'ஸ' ஊசி மாதிரி வரும். 'ஷ' அதைவிடத் தாழ்ந்த இடத்தில் இருப்பதால் அவ்வளவு படுத்தாது.

கிளியர் எம்ஜி நடுவில் நிற்கிறது, ஆனால் இரண்டையும் கலந்த கலவை மாதிரி ஒலிப்பதில்லை. அதன் தனிக்குணம் அடியின் வேகம். தொப்பியும் வலந்தலையும் சேர்ந்து விழும் இடத்தில் 'தோம்' என்பது ஒரே சொல்லாக, உடம்போடு வரும். மென்மையான அடிக்கும் பலமான அடிக்கும் உள்ள இடைவெளியை அது மட்டும்தான் பெரிதாகக் காட்டுகிறது. தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதி) கேட்க இதையே சொல்லலாம். குரலும் முன்னால் நிற்கும். முதலில் வந்த கிளியரில் 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம் தாளத்திலும் சிம்பலிலும் ஒரு உலோகப் பளபளப்பு உண்டு. எம்ஜியில் மேல்பகுதி அடங்கியிருக்கிறது. சிலருக்கு அது மந்தமாகக்கூடத் தோன்றலாம்.

மேடை எவ்வளவு அகலம்

வாத்தியங்கள் மேடையில் இருப்பதுபோல் இடமும் வலமுமாக விரிந்து கேட்கும் அகலம்: எச்டி 800 எஸ்ஸுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே இதுதான். மேடைக் கச்சேரியை ஸ்டீரியோவில் பதிவு செய்தால் பெரும்பாலும் மிருதங்கம் நம் இடது பக்கமும் வயலின் வலது பக்கமும் வரும். வலந்தலை சபையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதற்காக அமைந்த இருக்கை அது. எச்டி 800 எஸ்ஸில் அந்த இருவருக்கும் நடுவில் இருக்கும் பாடகருக்கும் இடையே நிஜமாகவே வெற்றிடம் இருக்கும். கிளியரில் மூவரும் நெருங்கி உட்கார்ந்திருப்பார்கள். எல்சிடி-எக்ஸ் அகலத்தில் நடுத்தரம். ஒவ்வொரு வாத்தியத்தையும் பெரிய உருவமாகக் காட்டும்.

ஒன்றை யாரும் சொல்வதில்லை. பதிவிலேயே அகலம் இல்லாவிட்டால் இந்தப் பெருமையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. 1950, 60-களின் தமிழ் சினிமாப் பாட்டுகளும் பழைய வானொலிக் கச்சேரிகளும் மோனோ, அதாவது இரண்டு காதுக்கும் ஒரே ஒலி. எந்த ஹெட்போனில் போட்டாலும் ஒலி தலைக்கு நடுவேதான் நிற்கும். எச்டி 800 எஸ் கூடுதலாகச் செய்வது டேப்பின் 'ஸ்ஸ்' இரைச்சலை எடுத்துக் காட்டுவது. மோனோ ரசிகர் இதற்குக் காசு கொடுக்க வேண்டாம். கிளியர் எம்ஜி போதும், இல்லையென்றால் இதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும் சென்ஹைசர் எச்டி 650 போதும். அதுவே 80-களின் இளையராஜா ஸ்டீரியோ என்றால் கதை வேறு. இடமும் வலமுமாகப் பிரிந்து ஓடும் வயலின் கூட்டம், அடியில் தனக்கென்று ஒரு மெட்டு போட்டுக்கொண்டு போகும் பேஸ் கிடார், இரண்டையும் ஒரே நேரத்தில் பிரித்துக் கேட்க எச்டி 800 எஸ்தான். ரஹ்மானுக்குப் பிறகு வந்த சின்த் பாஸ் நிறைந்த பாட்டுகளே அதிகம் கேட்பவர் எல்சிடி-எக்ஸை விட்டு வேறெங்கும் போக வேண்டாம்.

ஆம்ப் கணக்கு

எச்டி 800 எஸ்ஸைப் பற்றி '300 ஓம், அதனால் பெரிய ஆம்ப் (ஒலிபெருக்கும் பெட்டி) வேண்டும்' என்பார்கள்; அது பாதி உண்மை. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். பாட்டின் உச்சம் 110 டெசிபல் வரை போக இடம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எச்டி 800 எஸ் 1 வோல்ட்டுக்கு 102 டெசிபல் தரும். மீதி 8 டெசிபலுக்கு 2.5 வோல்ட் வேண்டும், மின்னோட்டம் வெறும் 8 மில்லி ஆம்பியர். எல்சிடி-எக்ஸ் 20 ஓம், 1 மில்லி வாட்டுக்கு 103 டெசிபல், 0.32 வோல்ட் போதும், ஆனால் 16 மில்லி ஆம்பியர் இழுக்கும். கிளியர் எம்ஜி 55 ஓம், 104 டெசிபல்; அரை வோல்ட்டுக்குள் முடிந்துவிடும். போனில் செருகும் சின்ன டாங்கிள் சுமார் 1 வோல்ட் தரும். ஆக, ஃபோக்கலும் ஆடிஸியும் டாங்கிளிலேயே தாராளமாக ஓடும். சென்ஹைசருக்குத்தான் மேஜை ஆம்ப். (ஒப்பிட்டுப் பார்க்க: ஹைஃபைமேன் சுஸ்வாரா என்ற ஹெட்போனுக்கு இதே அளவு ஒலிக்கு 5.5 வோல்ட்டும் அரை வாட்டும் வேண்டும். உண்மையிலேயே பசிக்கிற ஹெட்போன் அதுதான்.)

வோல்ட்டைவிட ஏமாற்றுவது ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்புக்குள்ளேயே இருக்கும் மின்தடை. பழைய ரிசீவர்களிலும் சில ஆம்ப்களிலும் இது 120 ஓம்கூட இருக்கும். எச்டி 800 எஸ்ஸின் இம்பீடன்ஸ் 100 ஹெர்ட்ஸ் பக்கம் 600 ஓமைத் தாண்டும். அதனால் அந்த இடத்தில் பாஸ் ஒரு டெசிபலுக்குச் சற்று மேல் கூடும். கெடுதல் இல்லை, பலருக்குப் பிடிக்கும். டியூப் ஆம்ப்போடு இதைச் சேர்த்துப் புகழ்வதன் ரகசியத்தில் ஒரு பகுதி இதுதான். பிளானரின் இம்பீடன்ஸ் எல்லா இடத்திலும் ஒரே நேர்கோடு என்பதால் எல்சிடி-எக்ஸின் குணம் மாறாது, ஆனால் ஒலி 17 டெசிபல் விழும். மாட்டிக்கொள்வது கிளியர்தான்: 55 ஓம் அடிமட்டம், பாஸில் அதைப் போலப் பல மடங்கு. 120 ஓம் ஆம்ப்பில் பாஸ் பல டெசிபல் வீங்கி, மிருதங்கம் தவிலாகிவிடும். ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் ஆம்ப்பின் இம்பீடன்ஸ் இருந்தால் கவலையில்லை. கிளியருக்கு அது 7 ஓம், எல்சிடி-எக்ஸுக்கு 2.5.

ஈக்யூவில் சரியாவதும் ஆகாததும்

மேலே சொன்ன குறைகளில் பாதியை பாராமெட்ரிக் ஈக்யூ (குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் கூட்டிக் குறைக்கும் மென்பொருள்) தீர்த்துவிடும். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இலவசம். எச்டி 800 எஸ்ஸுக்கு 100 ஹெர்ட்ஸில் லோ ஷெல்ஃப் (அதற்குக் கீழே எல்லாவற்றையும் தூக்குவது) +5 டெசிபல், 6 கிலோஹெர்ட்ஸில் −3, க்யூ (மாற்றம் எவ்வளவு குறுகலானது என்ற அளவு) 3 என்று தொடங்கிக் காதுக்கு ஏற்றபடி நகர்த்தலாம். எல்சிடி-எக்ஸுக்கு 3.5 கிலோஹெர்ட்ஸில் +4, க்யூ 1.5. எவ்வளவு கூட்டுகிறீர்களோ அவ்வளவு ப்ரீஆம்ப்பில் (அதே மென்பொருளின் மொத்த ஒலி அளவில்) குறைக்க மறக்கக் கூடாது. மறந்தால் உச்ச இடங்களில் அலை வெட்டுப்பட்டு 'சர்'ரென்று கேட்கும், பழி ஹெட்போன் மேல் விழும். ப்ரீஆம்ப்பில் 5 டெசிபல் குறைத்தபின் எச்டி 800 எஸ்ஸுக்கு 2.5 வோல்ட் போதாது, 4.5 வோல்ட் தரும் ஆம்ப் வேண்டும்.

கிளியரில் பாஸைத் தூக்குவது மட்டும் ஆபத்து. சின்ன டயாஃப்ரம் ஆழமான பாஸுக்கு நெடுந்தூரம் போய்வர வேண்டும். வால்யூமை ஏற்றி, 30 ஹெர்ட்ஸ் பக்கம் கூட்டியும் வைத்தால் டயாஃப்ரமை அசைக்கும் கம்பிச்சுருள் எல்லையைத் தொட்டு 'டிக், டிக்' என்று தட்டும். சத்தம் கேட்டதும் குறைத்துவிட வேண்டியதுதான். எல்சிடி-எக்ஸ் அதே ஈக்யூவைச் சிரமமில்லாமல் தாங்கும். மேடை அகலத்தை எந்த ஈக்யூவாலும் ஏற்ற முடியாது. எடையை இறக்கவும் முடியாது: எச்டி 800 எஸ் 330 கிராம், கிளியர் எம்ஜி 450, எல்சிடி-எக்ஸ் 612. முதல் பத்து நிமிடத்தில் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். எல்சிடி-எக்ஸின் கனம் ஒரு மணி நேரம் கழித்துக் கழுத்தில் தெரியும்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது

சத்தம் கூடுதலாக இருப்பதைத்தான் காது 'நல்லது' என்று சொல்லும். ஒரே வால்யூமில் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டால் ஆடிஸி ஜெயிப்பதும் சென்ஹைசர் தோற்பதும் அதனால்தான். ஒரு அட்டையில் போன் மைக் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் மேல் கப்பை அழுத்தி, 500 ஹெர்ட்ஸ் முதல் 2 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டும் உள்ள இரைச்சலை ஓட்டி, சத்தம் அளக்கும் ஆப்பில் மூன்றுக்கும் ஒரே எண் வரும்படி வால்யூமைக் குறித்துக்கொள்ளுங்கள். முழு இரைச்சலை ஓட்டினால் பாஸிலும் மேல்பகுதியிலும் உள்ள வித்தியாசங்கள் எண்ணைக் கலைத்துவிடும்.

கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடே கேட்க வேண்டும். காம்பு பேட்டைத் தூக்கி ஒரு நூலளவு இடைவெளி விட்டாலே எல்சிடி-எக்ஸின் ஆழ்ந்த பாஸ் கசிந்துவிடும், அதற்காகவே வாங்கியவருக்கு நஷ்டம். நம் ஊர்ப் புழுக்கத்தில் தோல் பேட் வியர்வை குடித்துச் சீக்கிரம் உரியும். கிளியர் எம்ஜியின் துளையிட்ட துணிப்பேட் குளுமை, ஆனால் எண்ணெய் தேய்த்த தலையோடு போட்டால் கறை போகாது. பேட் அமுங்கித் தட்டையானால் டிரைவருக்கும் (ஒலி எழுப்பும் பகுதி) காதுக்கும் உள்ள தூரம் குறைந்து ட்ரெபிளும் (கூர்மையான மேல் ஒலி) மாறும். அதனால் பழைய ஹெட்போன் வாங்குபவர் புதுப் பேட்டின் விலையையும் சேர்த்தே பேரம் பேச வேண்டும். கூடவே 20 ஹெர்ட்ஸிலிருந்து மேலே ஏறும் ஸ்வீப் ஒன்றை மோனோவில் ஓட்டிப் பாருங்கள். ஒலி நெற்றிக்கு நடுவிலேயே நின்றால் இரண்டு டிரைவரும் ஜோடி. ஏதோ ஒரு இடத்தில் ஒரு பக்கம் சாய்ந்தால் கப்புகளை இடம் மாற்றிப் போட்டு மறுபடி கேளுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் கோளாறு ஹெட்போனில்; மாறாமல் அதே பக்கம் நின்றால் காதில்.