பாதுகாப்பு அமைப்புக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு, வீட்டு ரௌட்டரைத் திறந்து போட்டுவிட்டுப் போனார்கள்

எங்களுக்கு இணைய இணைப்பு வழங்கும் நிறுவனம் "மேம்பட்ட பாதுகாப்பு அமைப்பு" என்று தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு வீட்டு ரௌட்டரில் செய்து வைத்த வேலையை, அதே சேவையை வாங்கியவர்கள் உடனே தங்கள் ரௌட்டரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

வந்த பணியாளர் வைஃபையின் பெயரை மறைத்தார். குறிப்பிட்ட மேக் முகவரிகளை (ஒவ்வொரு கருவியின் வலையமைப்பு அடையாள எண்களை) மட்டும் அனுமதிக்கும் பட்டியலையும் போட்டுக் காட்டினார். பார்ப்பதற்குக் கெடுபிடியாகத் தெரியும் இவ்விரண்டாலும் பெரிய பயன் இல்லை. மறைத்த பெயரை, வைஃபையில் சேர வரும் கைப்பேசிகளே வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றன. மேக் முகவரியும் மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) இல்லாமல் செல்வதால், அதைக் கவனித்து நகலெடுப்பவர் உள்ளே வருவது எளிது.

சில நாட்களில் கைப்பேசி "பலவீனமான பாதுகாப்பு" என்று எச்சரித்தது; இணைப்பு வேகமும் நொடிக்கு 54 மெகாபிட்டைத் தாண்டவில்லை. ரௌட்டரின் அடிப்பக்கத்து ஒட்டுத்தாளில் அச்சிட்டிருந்த கடவுச்சொல்லே இன்னும் மாற்றப்படாமல் இருந்ததால், அமைப்புப் பக்கத்திற்குள் சிரமமின்றி நுழைய முடிந்தது. டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையின் வலுவான ஏஇஎஸ் மறையாக்கம் இருக்க, காலாவதியான டிகேஐபி மறையாக்கம் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. டிகேஐபியில் புதிய வைஃபை வேகங்கள் இயங்காது என்பதால்தான் அந்த 54.

அதைவிட மோசமானது அடுத்த பக்கத்தில் இருந்தது. கேமரா பதிவுக் கருவியின் முகவரி டிஎம்இசட் கட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. அதாவது, வெளி இணையத்திலிருந்து வரும் இணைப்புகள் ரௌட்டரின் தடுப்பைக் கடந்து நேராக அந்தக் கருவிக்கே போய்ச் சேரும். தொலைநிலை நிர்வாகமும் (வெளியிலிருந்தே ரௌட்டரின் அமைப்புகளை மாற்றும் வசதி) எந்த முகவரியிலிருந்தும் நுழையலாம் என்ற நிலையில் திறந்திருந்தது. ஒட்டுத்தாள் கடவுச்சொல்லை அறிந்தவரோ ஊகித்தவரோ தளப் பெயர்களுக்கு உரிய இணைய முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் சேவையின் முகவரியை மாற்றி, வீட்டிலுள்ள அனைவரையும் போலித் தளங்களுக்குத் திருப்பியிருக்க முடியும். வைஃபை கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஓர் எண்ணைக் கொண்டே இணைய விடும் டபிள்யூபிஎஸ் பின் வசதியும் இயக்கத்தில் இருந்தது. அந்த 8 இலக்க எண்ணை ரௌட்டர் இரு பாதிகளாகத் தனித்தனியே சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண் என்பதாலும், அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011லேயே வெளியான செய்தி. அதைக்கூட அணைக்காத வேலைக்குப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பது அநியாயம்.

நிறுவனத்திடம் கேட்டபோது, "அப்போதுதான் சார் நாங்க இங்கிருந்தே பழுது பார்க்க முடியும்" என்றார்கள். என்னென்ன மாற்றினார்கள் என்று எழுதித் தர மறுத்ததோடு, திருத்துவதற்கு மறுபடியும் கட்டணம் கேட்டார்கள். எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.

நாங்களே தொலைநிலை நிர்வாகம், டிஎம்இசட், டபிள்யூபிஎஸ் மூன்றையும் அணைத்து, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் முறையில் நீண்ட வைஃபை கடவுச்சொல்லை வைத்தோம். அதைவிடப் புதிய டபிள்யூபிஏ3 உள்ள ரௌட்டராக இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம். கேமராக்களை, வீட்டின் மற்ற கருவிகளிலிருந்து பிரித்து வைக்கும் விருந்தினர் வலையமைப்புக்கு மாற்றினோம். உங்கள் வீட்டுக்கு யாராவது இந்த வேலைக்கு வந்தால், அவர் கிளம்புவதற்கு முன் பிபிபிஓஇ (நிறுவனத்தின் இணைப்பில் ரௌட்டர் உள்நுழையும் முறை) பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வகை இணைப்பில் அவை கையில் இல்லாமல் ரௌட்டரை ஆரம்ப நிலைக்குத் திருப்பினால் இணையமே வராது. திரும்பவும் அவர்களையே அழைக்க வேண்டியிருக்கும்.