மார்கழியில் சாத்தாத கதவு

மச்சான் போன வாரம் போனில் கேட்டான்: "மாமா, வண்டியை விக்கிறதா இருந்தா எனக்கே குடுத்துடுங்க." அவனுக்குச் சொன்ன பதில்தான் இது.

2016-இல் வாங்கிய கார். மைலேஜ், ஏசி எதிலும் குறை சொல்ல மாட்டேன். தொப்பூர் கணவாயில் ஐந்து பேரும் மூட்டையுமாக எத்தனையோ முறை இறங்கியிருக்கிறேன். பிரேக் ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. ஆனால் அந்த இடது பின்கதவு இருக்கிறதே!

எனக்குத் தளி. வெள்ளைக்காரன் குட்டி இங்கிலாந்து என்று பெயர் வைத்த ஊர். மார்கழி விடியலில் கதவு திறக்கும், சாத்தினால் பிடிக்காது. ஓங்கி அறைந்தாலும் திரும்பி வரும். 10 மணிக்கு வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் 'டக்'கென்று உட்காரும். மெக்கானிக் கண்ணெதிரே மட்டும் உத்தமக் கதவு. ஒரு நாள் அதைக் கயிற்றால் கட்டி, என் மனைவி இழுத்துப் பிடித்தபடியே ஓசூர் வரை வந்தாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கனடாவில் இருக்கும் அக்கா மகன் சிரித்தான். அங்கே ரப்பர் பீடிங்கில் தண்ணீர் உறைந்து கதவு ஒட்டிக்கொள்ளுமாம்; தோளால் உள்பக்கம் அழுத்தி ஐஸை உடைத்துவிட்டு இழுப்பார்களாம். நமக்கு ஏது ஐஸ்? சர்வீஸில் லாக்கையே மாற்றணும் என்று 3,200 ரூபாய் சொன்னார்கள்.

தேன்கனிக்கோட்டையில் ஒரு பெரியவர்தான் பிடித்தார். கதவு லாக்குக்குள் கிரானைட் லாரிப் புழுதி பழைய கிரீஸில் கலந்து பிசினாகியிருந்தது. குளிரில் அது இறுகினால், கதவைப் பிடிக்கும் கொக்கியை நிறுத்தி வைக்கும் சின்ன நாக்கு விழாது. ஸ்பிரிங்குக்கு அவ்வளவு பலமில்லை. பிசினை இளக்கும் டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்து, பழைய பிரஷால் தேய்த்து, துடைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் வைத்தார். கதவைத் திறந்து வைத்தே ஸ்க்ரூட்ரைவரால் கொக்கியைத் தள்ளினார்: இரண்டு 'டக்', லாக் பிடிக்கிறது. அப்புறம் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்துவிட்டுத்தான் சாத்தணும். மறந்தால் லாக் அடிபடும். டபிள்யூடி-40 மட்டும் அடித்துவிட்டு நிறுத்தினால் நாலு வாரம் தாங்காது, அதை நான் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டேன். இப்போது கார்த்திகையிலேயே நாலு கதவுக்கும் செய்துவிடுகிறேன். மூன்று மார்கழி தொல்லையில்லை.

நல்ல வண்டிதான். இருந்தாலும் மச்சானிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். கால் மணி நேர வேலைக்கு ஐந்து வருஷம் என்னை அலைய விட்ட கதவு அது. அவனுக்கு வீடு தர்மபுரியில், அங்கே இவ்வளவு குளிரே கிடையாது என்று மனைவி சொல்கிறாள். அது வேறு விஷயம்.