தேசிய ரக்பி அணி: உள்ளூரில் ஆடுபவர் மட்டுமா, கடல் கடந்தவருமா?

நியூசிலாந்து கறார். உள்நாட்டு ஒப்பந்தம் இல்லையேல் தேசிய அணியின் கறுப்புச் சட்டை கிடையாது. வீரர்களின் ஓய்வு, உடல்தகுதி எல்லாம் கைக்குள் இருப்பதால் பயிற்சியாளருக்கு நிம்மதி. ஆனால் 2023 உலகக் கோப்பை முடிந்து ரிச்சி மொவுங்கா ஜப்பான் கிளம்பியதும், அவர் அணிந்த 10-ஆம் எண் சட்டைக்கு, அதாவது ஆட்டத்தை வழிநடத்தும் இடத்துக்கு, ஆள் தேட வேண்டியதாயிற்று.

தென்னாப்பிரிக்கா எங்கே ஆடுபவரையும் எடுக்கிறது. 2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்தின் ஓவன் ஃபாரலை உள்பக்கமாக வெட்டி ஏமாற்றி ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) வைத்தாரே செஸ்லின் கோல்பே, அவர் அப்போது பிரான்சின் துலூஸ் கிளப் வீரர். தலைவலியும் உண்டு: பல லீக்குகளிலிருந்து களைத்து வருபவர்களைச் சில நாட்களில் ஒரே தாளத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

என் ஓட்டு தென்னாப்பிரிக்காவுக்கே. 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இவ்விரு அணிகளும்தான் மோதின. 12-11 எனத் தென்னாப்பிரிக்காவே வென்றது. நியூசிலாந்து கேப்டன் சாம் கேன் சிவப்பு அட்டை வாங்கியதால் அவர் அணி ஆட்டத்தின் பெரும்பகுதியை 15 பேருக்குப் பதில் 14 பேரோடு ஆடியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.