‘பப்ளிஷருக்குப் பிடிக்கல’ என்றார்கள். கேமில் ஓடுவது என் இசைதான்

கேமுக்கு இசையமைக்கிற நண்பர்கள், குறிப்பாக இப்போதுதான் ஆரம்பித்திருப்பவர்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

நான் கோத்தகிரியில் வீட்டு மாடியிலேயே சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். போன வருடம் ஒரு கேம் கம்பெனியிலிருந்து பேசினார்கள். மலைக்காட்டில் நடக்கிற கதை, இந்த மண்ணின் சத்தம் வேண்டும் என்றார்கள். 24 நிமிட இசை, நிமிடத்துக்கு 4,000 ரூபாய். அட்வான்ஸ் 20,000 வந்தது. மீதி 76,000 பப்ளிஷர், அதாவது கேமை வெளியிடுகிற கம்பெனி, ஓகே சொன்னதும் என்று வாட்ஸ்அப்பில் எழுதினார்கள். “பேப்பர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் ப்ரோ” என்றார் தயாரிப்பாளர். சரி என்றேன். என் முதல் தவறு அதுதான்.

பக்கத்தில் கோத்தர் பழங்குடியினரின் ஊரில் கொள் வாசிக்கிற பெரியவர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். கொள் என்பது சீவாளி வைத்து ஊதுகிற குழல். அவர்களிடம் சாமிக்கு ஒரு மெட்டு, சாவுக்கு ஒரு மெட்டு, ஆட்டத்துக்கு ஒரு மெட்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வாசிக்க மாட்டார்கள். “ஆட்டத்துக்கு உள்ளது மட்டும் வாசிக்கிறேன் தம்பி, மத்ததைக் கேக்காதே” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவருக்கான பணத்தை என் கையிலிருந்து கொடுத்தேன். கேமில் அவர் பெயர் வரும் என்று வாக்கும் கொடுத்தேன். அவர் வீட்டுத் திண்ணையில் பதிவு செய்யும்போது 40ஆவது விநாடியில் தேயிலை பேக்டரி சங்கு ஊதியது. அந்த வாசிப்பு அவ்வளவு நன்றாக வந்திருந்ததால் சங்கோடு அப்படியே வைத்துக்கொண்டேன்.

கேம் இசை சினிமாப் பாட்டு மாதிரி ஒரே துண்டாகப் போகாது. அமைதி, பயம், சண்டை என்று அடுக்கடுக்காகச் செய்வோம். ஆடுகிறவர் எங்கே போகிறாரோ அதற்கேற்ப கேம் ஒவ்வொரு அடுக்கையும் ஏற்றும், இறக்கும். அதனால் ஸ்டெம் எனப்படும் தனித்தனி ஃபைல்களாகக் கேட்பார்கள். அதைக் கொடுத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம். நான் 61 ஃபைல்களையும் அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் பதில் இல்லை. அப்புறம் ஒரு வரி வந்தது: பப்ளிஷருக்குப் பிடிக்கவில்லை, வேறு ஆளை வைத்துச் செய்கிறோம். வருத்தமாக இருந்தது, ஆனால் விட்டுவிட்டேன். பிடிக்கவில்லை என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டுதானே.

போன மாதம் கேம் வெளியானது. வாங்கி ஆடினேன். மூன்றாவது கட்டத்தில் ஒரு கிழவரைப் புதைக்கிற காட்சி. பின்னால் கொள் சத்தம், வேகத்தைப் பாதியாகக் குறைத்து. ஹெட்போனை அழுத்திப் பிடித்துக் கேட்டேன். அடியில், இழுபட்டு, அந்த பேக்டரி சங்கு. ஆட்ட மெட்டைச் சாவுக் காட்சியில் போட்டிருக்கிறார்கள். கடைசியில் ஓடுகிற பெயர்ப் பட்டியலில் என் பெயரும் இல்லை, அவர் பெயரும் இல்லை. பணத்தைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

பெரிய இடத்திலும் இந்தச் சண்டை உண்டு. 2020இல் டூம் எடர்னல் கேமின் இசைத் தொகுப்பு 59 டிராக்குகளோடு வந்தபோது, சில டிராக்குகளில் சத்தத்தின் ஏற்ற இறக்கம் போய், அலைவடிவம் செங்கல் மாதிரி தட்டையாக நசுங்கியிருப்பதை ரசிகர்களே கண்டுபிடித்தார்கள். அவற்றை நான் மிக்ஸ் செய்யவில்லை என்றார் இசையமைப்பாளர் மிக் கார்டன். தொகுப்பு தாமதமானதற்கு அவரே காரணம் என்று அந்தக் கேமின் தயாரிப்பாளர் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2022 நவம்பரில் கார்டன் நீண்ட பதில் எழுதினார். கேமில் பயன்படுத்திய தன் இசையில் பெரும்பகுதிக்குப் பணம் வரவில்லை என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. பப்ளிஷரான பெதஸ்டா மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்தபோது என் வயிறு எரிந்தது.

ஊட்டியில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். 1957ஆம் வருட பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 19ஆவது பிரிவின்படி, எழுத்தில், கையெழுத்தோடு எழுதிக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். படைத்தவர் நான்தான் என்று உரிமை கோர 57ஆவது பிரிவு இருக்கிறது. என்னிடம் கையெழுத்து வாங்காததால் இசை இன்னமும் என்னுடையதுதான் என்றார். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இருந்திருந்தால் 45 நாளுக்குள் பணம் தராததற்கு அரசின் புகார்த் தளத்திலும் புகார் போட்டிருக்கலாம். நான் பதிவு செய்யவே இல்லை. இலவசம்தான், இன்றைக்கே செய்துவிடுங்கள்.

கையெழுத்தும் பணமும் வரும்வரை மிக்ஸ் செய்த ஒரே ஃபைலை, நடுவில் உங்கள் குரலைப் பதித்து அனுப்புங்கள். ஸ்டெம் வேண்டவே வேண்டாம். ‘பப்ளிஷர் ஒப்புதலுக்குப் பிறகு பணம்’ என்ற வரி இருந்தால், பிடிக்காவிட்டால் எவ்வளவு தருவார்கள், ஃபைல்களை எப்போது அழிப்பார்கள் என்பதையும் அதன் கீழேயே எழுதச் சொல்லுங்கள்.

அந்தக் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பி 12 நாள் ஆகிறது. பெரியவரிடம் நேற்றுத்தான் போய்ச் சொன்னேன். போனில் அந்தக் காட்சியைக் காட்டினேன். பாதியிலேயே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அதை எடுக்கச் சொல்லு தம்பி, பேரெல்லாம் வேண்டாம்” என்றார். நோட்டீஸில் கேட்டிருந்த பெயர், பணம் இரண்டுக்கும் மேலே இப்போது அதை முதல் கோரிக்கையாக எழுதியிருக்கிறேன்.

மலைக்காட்டுக் கதை, ‘பேப்பர் அப்புறம்’ என்று உங்களிடம் யாராவது பேசிக்கொண்டிருந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள். அதே ஆட்களா என்று பார்த்துச் சொல்கிறேன்.