"ஜெயில் ரெக்கார்டை அழிச்சுத் தாரேன்" என்று ஒருத்தர் சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள்

எனக்குப் போன பணம் 48,000 ரூபாய். அதில் பாதிக்கு மேல் பாளையங்கோட்டை மத்திய சிறையில் தறியில் உட்கார்ந்து, பிடித்தமெல்லாம் போகச் சேர்ந்த கூலி. மீதி என் அக்கா கொடுத்தது. வீட்டில் யாராவது தண்டனை முடிந்து வந்திருந்தால் அவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வழக்கு என்னவென்று மறைக்கவில்லை. வரப்புத் தகராறு, கையில் அரிவாள், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 326-ஆம் பிரிவு (ஆயுதத்தால் கொடுங்காயம்), மூன்று வருடம். அப்பீலிலும் தண்டனை நின்றுவிட்டது. செய்தது செய்ததுதான்.

வெளியே வந்ததும் முதலில் போனது ஒரு செக்யூரிட்டி கம்பெனிக்கு. ஐ.டி.ஐ. வயர்மேன் படித்தவன் வாட்ச்மேன் வேலைக்குப் போனேன் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். சூப்பர்வைசர் நல்ல மனுஷன், உட்காரவைத்துச் சொன்னார்: தண்டனை பெற்றவரைக் காவலாளியாக வைக்கக்கூடாது என்று 2005-ஆம் வருடத்துத் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிச் சட்டத்திலேயே இருக்கிறதாம். அடுத்தது ஒரு மில். போலீஸ் வெரிபிகேஷன் சர்டிபிகேட் கொண்டு வா என்றார்கள். அதோடு அங்கேயும் போகவில்லை.

அப்போதுதான் உள்ளே என்னோடு இருந்த ஒரு பையன் அந்த ஆளின் நம்பரைக் கொடுத்தான். ஆள் கூட்டி வந்தால் தலைக்கு 2,000 அவனுக்குக் கமிஷன் என்பது பிறகு தெரிந்தது. அவன் மேல் கோபம் இல்லை. அவனுக்கும் வேலை கிடைக்கவில்லை.

திருநெல்வேலியில் ஒரு மாடி அறை. கீழே ஜெராக்ஸ் கடை, மேலே 'கன்சல்டன்சி' போர்டு. வெள்ளைச் சட்டை. மேஜையில் கட்டுக் கட்டாகக் கோர்ட் பேப்பர். நான் வாயைத் திறக்கும் முன்பே, "எந்தப் பிரிவு, எத்தனை வருஷம்?" என்றார். சொன்னேன். "தம்பி, இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. கம்ப்யூட்டர்ல இருந்து உம்ம பேரை எடுத்துருவோம். மதுரைக் கிளையில ஆர்டர் வாங்கித்தான் செய்யுதோம், கள்ளத்தனம் கிடையாது" என்று ஒரு ஹைகோர்ட் ஆர்டர் நகலை என் பக்கம் தள்ளினார். இங்கிலீஷில் நாலு பக்கம். அரசு முத்திரையையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்தேன், நம்பிவிட்டேன்.

அந்த ஆர்டர் நிஜமானதுதான். அதனால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன். பிறகு சட்ட உதவி மையத்து வக்கீலம்மா அதை வாசித்துச் சொன்னார். விசாரணை முடியாத ஒரு வழக்கில் இரண்டு தரப்பும் சமாதானமாகி எப்.ஐ.ஆரை ரத்து செய்த உத்தரவு அது. தீர்ப்பாகி, அப்பீலும் முடிந்து, தண்டனையும் அனுபவித்த என் வழக்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த மாடி அறை ஆள் இன்னொரு ஆர்டரும் காட்டியிருந்தார். ஒருவரின் ஹிஸ்டரி ஷீட்டை, அதாவது போலீஸ் வைத்திருக்கும் கண்காணிப்புப் பதிவை, முடித்துவைத்தது. ரவுடிப் பட்டியலில் இருந்து பெயரை எடுப்பது வேறு, கோர்ட் கொடுத்த தண்டனை வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதில்தான் இவர்கள் பிழைப்பே ஓடுகிறது.

முதலில் 20,000. பிறகு "எஸ்.பி. ஆபீஸ் செலவு" 18,000. கடைசியில் 10,000. ஜிபே வேண்டாம், கையில் கொடுங்கள் என்றார். அங்கேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

ஆறு வாரம் கழித்துப் போலீஸ் வெரிபிகேஷன் சர்டிபிகேட் ஒன்று கையில் கிடைத்தது. என் போட்டோ, என் முகவரி, 'குற்ற வழக்கு எதுவும் இல்லை' என்று தெளிவாக. உண்மையைச் சொல்கிறேன், பார்த்ததும் எனக்கே உள்ளே சுருக்கென்றது. ஆனாலும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அந்த மில்லுக்கே போனேன்.

ஹெச்.ஆர். பெண் அதிலிருந்த எண்ணைக் காவல்துறை இணையதளத்தில் போட்டுப் பார்த்தார். வேறு யாருடைய பெயரோ வந்தது. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, "அண்ணே, இதை எடுத்துக்கிட்டுப் போயிருங்க, நான் மேல சொல்லல" என்றார். அவர் மேலே சொல்லியிருந்தால் போலி ஆவணத்தை நிஜமென்று கொடுத்ததற்குப் புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 340-ஆம் பிரிவில் என் மேல் இன்னொரு கேஸ். கொடுத்தவன் மாடியில் இருப்பான், நான் மறுபடி தறிக்குப் போயிருப்பேன்.

திரும்பப் போய்க் கேட்டபோது மரியாதை எல்லாம் போய்விட்டது. "போலீஸ்ல போய்ச் சொல்லு, நீ ஜெயிலுக்குப் போனவன், நான் ஆபீஸ் வச்சிருக்கவன். யாரு பேச்சு எடுபடும்?" இந்த ஒரு வரியை நம்பித்தான் அந்த ஆள் தொழில் செய்கிறார். நானும் இரண்டு மாதம் அதை நம்பி வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பிறகு இலவசச் சட்ட உதவி எண்ணான 15100-க்கு அடித்து, அங்கிருந்து மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். ஒரு ரூபாய் கேட்கவில்லை. வக்கீலம்மா சொன்னதில் எனக்குப் புரிந்தவரை: பெரியவர்கள் வாங்கிய தண்டனையை இத்தனை வருடம் கழித்து அழித்துவிடலாம் என்று நம் நாட்டில் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. சில நாடுகளில் உண்டாம். பதினெட்டு வயதுக்குள் நடந்ததென்றால் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தில் தகுதியிழப்பை நீக்கும் 24-ஆம் பிரிவு இருக்கிறது. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விட்டிருந்தால் 1958-ஆம் வருடச் சட்டத்தில் 12-ஆம் பிரிவு, அந்தத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. எனக்கு இரண்டும் பொருந்தாது. உங்களுக்குப் பொருந்தலாம், தீர்ப்பு நகலை எடுத்துப் போய்க் கேளுங்கள். அரசு வேலை விண்ணப்பத்தில் வழக்கை மறைத்தால் என்ன ஆகும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் அவதார் சிங் வழக்கில் விரிவாகச் சொல்லியிருக்கிறது. சின்ன வழக்கென்றால் மன்னிக்க இடம் உண்டு, பெரிய வழக்கை மறைத்தது தெரிந்தால் வேலை போகலாம், உண்மையைச் சொன்னாலும் எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. கசப்பான பதில்தான். ஆனால் அதற்கு 48,000 ஆகவில்லை.

அதே ஆள் வளைகுடா வேலைக்கும் பணம் கேட்டிருந்தார், நல்லவேளை அக்காவிடம் அதற்குமேல் இல்லை. ஒழுக்கக்கேடான குற்றம் என்று கருதப்படும் வழக்கில் இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை என்றால், தீர்ப்பாகி ஐந்து வருடத்துக்குள் கேட்டால் பாஸ்போர்ட்டையே மறுக்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான்.

புகார் கொடுத்தேன். போலி சர்டிபிகேட்டையும் வக்கீலம்மா சொன்னபடி மனுவோடு சேர்த்தே கொடுத்தேன், கை நடுங்கியது. இன்ஸ்பெக்டர் ஏற இறங்கப் பார்த்தார், ஆனாலும் புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது போட்டுக் கொடுத்தார். பணம் இன்னும் வரவில்லை. இப்போது ஒரு மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் இருக்கிறேன், நாள் கூலி 600. சேரும் முன்பே அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மாடியில் அந்தப் போர்டு இப்போது இல்லை. போன வாரம் பட்டறைக்கு வந்த ஒரு தம்பி, வேறு ஊரில் வேறு பெயரில் ஒருத்தர் 15,000 அட்வான்ஸ் கேட்பதாகச் சொன்னான். முதல் கேள்வி என்னடா கேட்டார் என்றேன்.

"எந்தப் பிரிவு, எத்தனை வருஷம்னுதான் கேட்டாரு அண்ணே."