பெர்ஃபார்மன்ஸ் கவுன்டர் பழுது: முழுசாகக் கட்டுவதா, ஒன்றை மட்டும் கழற்றி மாட்டுவதா?

விண்டோஸின் செயல்திறனைக் காட்டும் பெர்ஃப்மானைத் திறந்து, சிபியு, மெமரி போன்றவற்றின் பயன்பாட்டை அளக்கும் கவுன்டர் ஒன்றைச் சேர்க்கப் போகிறீர்கள். 'ப்ராசசர்' என்ற பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 238 என்ற எண் மட்டும் நிற்கிறது. மானிட்டரிங் டூலில் சிபியு கிராஃப் காலி. கவுன்டரில் எந்தக் கோளாறைக் கண்டாலும் பலரும் உடனே 'லாட்சிடிஆர் /ஆர்' (lodctr /R) என்ற கமாண்டை அடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

விண்டோஸ் கவுன்டர்களை எண்களாகத்தான் அறியும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் பெர்ஃப்லிப் என்ற கீயின் கீழ் 009 என்று ஒன்று உண்டு; ஆங்கிலப் பெயர்ப் பட்டியல் அங்கே இருக்கிறது. இரட்டைப்படை எண்ணுக்குப் பெயர், ஒற்றைப்படை எண்ணுக்கு விளக்கம். ஒவ்வொரு சர்வீஸும் தன் கவுன்டர்கள் எந்த எண்ணில் தொடங்கி எதில் முடிகின்றன என்று தனியாகக் குறித்து வைத்திருக்கும். இந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் பழுது.

'/ஆர்' செய்வது ஒட்டுமொத்த மறுகட்டுமானம். சிஸ்டம்32 ஃபோல்டரிலுள்ள பெர்ஃப்ஸ்ட்ரிங்பேக்கப் ஐஎன்ஐ ஃபைலை வைத்துப் பட்டியலைத் திரும்ப எழுதும். அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் ஒரே வரி. எரர் கோட் 2 வந்தால், 32 பிட் ஃபைல்கள் இருக்கும் சிஸ்வாவ்64 ஃபோல்டருக்குப் போய் அதையே அடித்தால் பெரும்பாலும் ஓடிவிடும். ஆனால் அந்த பேக்கப்பில் இல்லாதது திரும்பி வராது. ஒரு டேட்டாபேஸ் சர்வரில் இரவு பதினோரு மணிக்கு இதை ஓட்டினேன். சிபியு, மெமரி கவுன்டர்கள் எல்லாம் வந்துவிட்டன என்று நிம்மதியாகப் படுத்தேன். காலையில் பார்த்தால் அதுவரை நன்றாக இருந்த டேட்டாபேஸ் கவுன்டர்கள் ஒன்றுகூட இல்லை. அன்றிலிருந்து '/எஸ்:' போட்டு, இருக்கும் நிலையை ஒரு ஃபைலில் சேமிக்காமல் '/ஆர்' பக்கம் போவதில்லை. சர்வர் நல்ல நிலையில் இருக்கும்போதே எடுத்து வைத்த பிரதி என்றால் இன்னும் உத்தமம். '/ஆர்:' என்று அந்த ஃபைலின் பெயரைக் கொடுத்து மீட்கலாம்.

நான் முதலில் கை வைப்பது தனி சர்வீஸில்தான். யார் குற்றவாளி என்று தெரிந்தாக வேண்டும். அதற்கு விண்டோஸின் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவர் போதும். பெர்ஃப்லிப் 1008 என்ற எரர், சர்வீஸ் பெயரையும், அதன் கவுன்டர்களைத் தரும் நிரல் ஃபைலான டிஎல்எல்லின் பெயரையும் சொல்லிவிடும். அடுத்து, சர்வீஸ்களின் கவுன்டர் நிலையைப் பட்டியலிடும் 'லாட்சிடிஆர் /க்யூ'. அதில் அந்த சர்வீஸ் டிஸேபிள்டு என்று இருந்தால் '/இ:' போட்டு சர்வீஸ் பெயரைக் கொடுங்கள், பல நேரம் வேலை அங்கேயே முடிந்துவிடும். மறுபடி டிஸேபிள் ஆனால் டிஎல்எல்லிலேயே கோளாறு. எத்தனை முறை எனேபிள் செய்தாலும் பயனில்லை. பெயர்தான் குழம்பியிருக்கிறது என்றால் 'அன்லாட்சிடிஆர்' போட்டுக் கழற்றி, அந்த மென்பொருளின் சொந்த ஐஎன்ஐ ஃபைலை 'லாட்சிடிஆர்' மூலம் மாட்டுங்கள். எஸ்க்யூஎல் சர்வரின் டிஃபால்ட் இன்ஸ்டன்ஸுக்கு இந்த ஃபைல் 'பின்' (Binn) என்ற ஃபோல்டரில் இருக்கும். மற்ற கவுன்டர்களை இது தொடுவதில்லை. அதனால்தான் என் ஓட்டு இதற்கு.

மூன்றாவது வழி, 'வின்மேனேஜ்மென்ட் /ரீசிங்க்பெர்ஃப்'. கமாண்டில் வின்எம்ஜிஎம்டி (winmgmt) என்று சுருக்கித்தான் அடிக்க வேண்டும். இது ரெஜிஸ்ட்ரியைச் சரிசெய்யாது. அங்கே இருப்பதை, மற்ற டூல்கள் விண்டோஸ் தகவலைப் படிக்கும் வழியான டபிள்யூஎம்ஐக்குத் தெரிவிக்கும், அவ்வளவுதான். பெர்ஃப்மானில் எல்லாம் தெரிந்து, டபிள்யூஎம்ஐ வழியாகப் படிக்கும் டூலில் மட்டும் வராதபோது இது ஒன்றே போதும்.

முதல் இரண்டில் எதைச் செய்தாலும் பின்னாலேயே இதையும் ஓட்டிவிடுங்கள்.

32 பிட் கவுன்டர் 64 பிட் பெர்ஃப்மானில் தெரியாததைப் பழுது என்று நினைத்து இவற்றில் எதையும் செய்ய வேண்டாம். சிஸ்வாவ்64 ஃபோல்டரிலுள்ள பெர்ஃப்மானைத் திறந்து பாருங்கள், தெரியும்.

எண் 238 விஷயத்தில் மட்டும் '/ஆர்' தவிர வேறு வழியில்லை. அடிப்படைப் பட்டியலே போய்விட்டது. சேமித்துவிட்டு ஓட்டுங்கள், காணாமல் போன மென்பொருள் கவுன்டர்களை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். 'டைப்பெர்ஃப் -க்யூ' அடித்தால் எல்லாப் பெயரும் வருகிறதா என்று பார்த்துவிட்டு, மானிட்டரிங் ஏஜென்ட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் பழைய எண்களைப் பிடித்துக்கொண்டு அது காலி கிராஃபையே காட்டிக்கொண்டிருக்கும்.