போனிலேயே மூன்று "பின்கவனிப்பு": ஞானப்பல் எடுக்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

ஞானப்பல் எடுத்தால் வலிக்கும் என்பது எனக்கும் தெரியும். வலித்தது என்று புலம்புவதற்காக இதை எழுதவில்லை. ஐந்து ராத்திரி தூங்காமல் கிடந்தேன். யாராவது ஒருவர் என் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்திருந்தால் அதில் நாலு ராத்திரியாவது மிச்சமாகியிருக்கும். பார்க்கவில்லை. பார்த்ததாகக் கணக்கு மட்டும் எழுதிவிட்டார்கள். கிளினிக்கின் பெயரைப் போடப் போவதில்லை, கேட்காதீர்கள்.

கீழ்த்தாடையில் இடது பக்கம் கடைசிப் பல். நேராக முளைக்காமல் முன்னால் இருந்த கடைவாய்ப்பல்லின் மேல் சாய்ந்து, பாதி ஈறுக்குள்ளேயே நின்றுவிட்டது. அந்த ஈறு மடிப்புக்குள் எதையாவது சேர்த்துவைத்துக்கொண்டு வருஷத்துக்கு மூன்று நாலு தடவை வீங்கும். எடுக்கவேண்டிய பல்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் முதல் நாளே முன்மேசையில் இருந்த பெண், "நாலு ஞானப்பல்லையும் ஒரேயடியா எடுத்துடலாம் மேடம், பேக்கேஜ் இருக்கு" என்று ஆரம்பித்தார். மற்ற மூன்றும் இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட என்னைத் தொந்தரவு செய்ததில்லை. ஒரு வம்புக்கும் போகாத ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்கத் தேவையில்லை என்று பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அது எனக்கு அப்போது தெரியாது. ஒன்றுக்கே பயந்து போயிருந்ததால் நாலுக்குச் சம்மதிக்கவில்லை, அவ்வளவுதான். என் கோழைத்தனம் என்னைக் காப்பாற்றிய ஒரே இடம் அது.

ஒப்புதல் படிவம் எப்போது வந்தது தெரியுமா? மரத்துப்போகும் ஊசி போட்டு, உதடு தடித்து, நாக்கு வேறு யாருடையதோ மாதிரி ஆன பிறகு. நாற்காலியில் மல்லாந்து கிடக்கிறேன், கண்ணுக்கு நேரே விளக்கு, நெஞ்சின் மேல் அட்டையோடு ஒரு தாள். "இங்க ஒரு கையெழுத்து மேடம்." போட்டேன். அதன் இரண்டாம் பக்கத்தில் 'டிரை சாக்கெட் ஏற்படலாம்' என்று ஒரு வரி இருந்ததைப் பத்து நாள் கழித்துத்தான் படித்தேன்.

பல்லை எடுத்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் செதுக்கி, பல்லை இரண்டு துண்டாக்கி எடுத்து, மூன்று தையல் போட்டார். நாற்பது நிமிஷம். கை நல்ல கை. ஆனால் அவர் அந்த கிளினிக்கின் டாக்டர் இல்லை. வாரத்தில் வியாழக்கிழமை மட்டும் வந்துபோகிறவர். மற்ற ஆறு நாளும் என் வாய்க்கு யார் பொறுப்பு என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை.

கடித்த பஞ்சோடு வெளியே வந்தேன். ரசீது, மாத்திரைக் கவர், "எதுனா இருந்தா போன் பண்ணுங்க." அவ்வளவுதான். செய்யக்கூடியது, செய்யக்கூடாதது என்று ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. எனக்கு அக்கா இருந்தாள், பிழைத்தேன். அவளுக்கு இரண்டு வருஷம் முன்னால் இதே சிகிச்சை நடந்திருந்தது. "எச்சிலைத் துப்பாதடி, முழுங்கு. ஸ்ட்ரா வெச்சு உறிஞ்சாத. இன்னைக்கு முழுக்க வாய் கொப்பளிக்கவே கொப்பளிக்காத" என்று படுக்க விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஏன் என்பதையும் அவள்தான் சொன்னாள். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடி மாதிரி நிற்கும். அதுதான் அடியில் இருக்கிற எலும்புக்கும் நரம்புக்கும் போர்வை. துப்பினாலும் உறிஞ்சினாலும் அது பிய்ந்துகொண்டு வந்துவிடலாம். சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

முதல் மூன்று நாள் எல்லாருக்கும் போலத்தான். மரப்பு தெளிவதற்குள் முதல் மாத்திரையைப் போட்டுவிட வேண்டும் என்பதுகூட அக்கா சொன்னதுதான். வலி ஏறிய பிறகு மாத்திரை அதைத் துரத்திக்கொண்டு ஓடவேண்டியிருக்கும் என்றாள். கன்னத்தில் ஐஸ், இருபது நிமிஷம் வைத்து இருபது நிமிஷம் எடுத்து. வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போனது, வழக்கமே அதுதானாம். கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் நான், பாதி முகம் வேறு யாரோ. வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் வலி நன்றாகவே அடங்கியிருந்தது. ஒரு மாத்திரையைக்கூடத் தள்ளிப்போட்டேன்.

அன்று ராத்திரி பதினொன்றரைக்குத் தொடங்கியது.

அது வேறு வலி. பல் இருந்த இடத்தோடு நிற்கவில்லை. தாடை வழியாக ஏறிக் காதுக்குள் போய், நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று தெறித்தது. காதில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தேன். மாத்திரை போட்டால் ஒரு மணி நேரம் கொஞ்சம் மங்கும், மறுபடி அதே இடத்திலிருந்து ஆரம்பிக்கும். வாயில் துருப்பிடித்த இரும்பை வைத்திருப்பது போல ஒரு சுவை. கூடவே ஒரு நாற்றம். நான் பேசினால் எனக்கே குமட்டியது. தண்ணீர் அந்தப் பக்கம் பட்டால் உயிர் போய் உயிர் வந்தது.

திங்கள் காலை போன் செய்தேன். "வலி இருக்கத்தான் மேடம் செய்யும், எலும்பைக் கட் பண்ணிருக்காங்க இல்ல" என்று சொல்லி வேறொரு வலி மாத்திரையின் பெயரை அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை மறுபடி. குறைந்த வலி திரும்பி வந்திருக்கிறது, காது வலிக்கிறது, நாற்றம் அடிக்கிறது என்று மூன்றையும் பிரித்துச் சொன்னேன். "இன்ஃபெக்‌ஷனா இருக்கும்" என்று ஆன்டிபயாடிக்கை மாற்றினார்கள். புதன்கிழமை மூன்றாவது போன், மூன்றாவது ஆன்டிபயாடிக். அது வயிற்றைக் கலக்கி எடுத்துவிட்டது. மூன்று தடவையும் பேசியது முன்மேசைப் பெண்தான். "டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று லைனில் காத்திருக்க வைப்பார். "நேர்ல வரட்டுமா?" என்றும் மூன்று தடவை கேட்டேன். "வேணாம் மேடம், வியாழக்கிழமை தையல் பிரிக்க வருவீங்க இல்ல."

புதன் ராத்திரி பொறுக்கமுடியாமல் நானே பார்க்கத் துணிந்தேன். ஒரு கையில் போன் டார்ச், இன்னொரு கையில் கன்னத்தை ஒதுக்கிப் பிடிக்க ஸ்பூனின் பின்பக்கம், எதிரே கைக்கண்ணாடி. கருஞ்சிவப்பாக ஏதாவது அடைத்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். வெறும் குழி. அடியில் சாம்பல் கலந்த வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அது என் எலும்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. (நீங்களும் டார்ச்சோடு இறங்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று: நன்றாக ஆறுகிற குழியின் மேலும் வெள்ளை மஞ்சளாக ஒரு படலம் கட்டும். அது சீழ் அல்ல. அதைச் சுரண்டிவிடாதீர்கள்.)

வியாழன் போனேன். டாக்டருக்கு அன்று வரிசையாக ஆட்கள். உதவியாளர் ஒருவர் தையலைப் பிரித்தார். முழுசாக அரை நிமிஷம். "தையல் நல்லா ஆறியிருக்கு மேடம்." குழியைப் பாருங்கள் என்றேன். "அதெல்லாம் சார்தான் பாக்கணும், அடுத்த வியாழன் வாங்க." தையல் பிரித்ததற்குத் தனியாக ஒரு பில்.

வெள்ளிக்கிழமை அக்கா என்னை இழுத்துக்கொண்டு வேறொரு பல் டாக்டரிடம் போனாள். உட்கார்ந்ததுமே அவர் கேட்டது: "எடுத்ததும் வலி குறைஞ்சுதாம்மா? குறைஞ்சிட்டு மூணாவது நாலாவது நாள்ல திரும்ப வந்துச்சா?" நான் தலையாட்டியதும் கண்ணாடியை வாய்க்குள் விட்டார். "டிரை சாக்கெட்." இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ரத்த மூடி போய்விட்டது, எலும்பு திறந்துகிடக்கிறது, வலி அங்கிருந்து காதுக்குப் பரவுகிறது. சாதாரணமாகப் பல் எடுத்துக்கொள்பவர்களில் 100க்கு 1 முதல் 5 பேருக்கு இது வரும் என்றார். கீழ்த்தாடையில் இப்படிப் புதைந்து நிற்கும் ஞானப்பல் என்றால் இன்னும் அதிகம். சிகரெட் உண்டா, கருத்தடை மாத்திரை எடுக்கிறேனா, முன்பு பல் எடுத்தபோது இப்படி வந்திருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். இரண்டாவதற்கு என் பதில் ஆமாம். அந்த மாத்திரையும் ஆபத்தைக் கூட்டுமாம். முதல் இடத்தில் இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட யாரும் கேட்கவில்லை.

சிரிஞ்சில் வெதுவெதுப்பான உப்புநீரை எடுத்துக் குழியைக் கழுவினார். அந்தப் பத்து விநாடி பயங்கரம், பொய் சொல்ல மாட்டேன். பிறகு மருந்தில் நனைத்த ஒரு சின்னத் துண்டுத் துணியை உள்ளே வைத்தார். கிராம்பு வாசனை. யூஜினால் என்றார், கிராம்பில் இருக்கிற அதே சரக்குதானாம். வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது காதுவலி இல்லை என்பதை உணர்ந்தேன். வீட்டுக்குப் போய்ப் பதினோரு மணி நேரம் தூங்கினேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றி, மொத்தம் மூன்று தடவை வைத்தார்கள்.

இது நோய்த்தொற்று இல்லை, ஆன்டிபயாடிக் இந்த வலியைத் தொடவே தொடாது என்று அவர் சொன்னபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. டிரை சாக்கெட் வந்தது யாருடைய தப்பும் இல்லாமல் இருக்கலாம். ஒரு வாரம் பத்து நாளில் அது தானாகவே ஆறிவிடும், மருந்து வைப்பது அதுவரை வலியை அடக்கத்தான் என்பதையும் அவரே சொன்னார். ஆனால் அதைக் கண்டுபிடிக்கக் கண்ணாடியும் விளக்கும் போதும். அந்த இரண்டும் முதல் இடத்தில் இல்லாமலா இருந்தது?

இனி ரசீது கதை. பழைய கிளினிக் கொடுத்த ரசீதை எடுத்துப் பார்த்தால் 'பின்கவனிப்பு – 3 முறை' என்று ஒரு வரி. அதற்குத் தனித் தொகை, முன்பே வாங்கியாகிவிட்டது. ஒரு தடவைகூட யாரும் கவனிக்கவில்லையே, அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று போனேன். மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "திங்கள், செவ்வாய், புதன். மூணு கன்சல்டேஷன் முடிஞ்சிருக்கே மேடம்." நான் வலியில் துடித்துக்கொண்டு செய்த மூன்று போன்கள்! அதனால்தான் வியாழக்கிழமை தையலுக்குத் தனி பில். நேரில் வராதே என்று அவர்களே சொல்லிவிட்டு, வராமல் பேசியதை வந்ததாக எழுதிக்கொண்டார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. வாய் வேறு ஒரு விரல் அளவுதான் திறக்கும், சண்டைகூட ஒழுங்காகப் போடமுடியவில்லை.

எக்ஸ்ரேயும் அப்படித்தான். புது டாக்டர் என் ஓ.பி.ஜி. படத்தை, அதாவது மொத்தத் தாடையும் தெரிகிற எக்ஸ்ரேயைக் கேட்டார். உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருகிற நரம்பு கீழ்த்தாடைக்குள் ஓடுகிறது, ஞானப்பல் வேர் அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று அதில்தான் தெரியுமாம். "அது எங்க ரெக்கார்டு, வெளியே தரமாட்டோம்" என்றார்கள் பழைய கிளினிக்கில். காசு கொடுத்து எடுத்த என் தாடை எலும்பின் படம்! எழுத்தில் புகார் கொடுப்பேன் என்று சொன்ன பிறகுதான் போனுக்கு அனுப்பினார்கள். வேர் நரம்பை ஒட்டித்தான் இருந்திருக்கிறது. ஊசி மரப்பு தெளிந்த பிறகும், மறுநாளும், உதடு மரத்தே கிடந்தால் உடனே சொல்லவேண்டும் என்பதைக்கூட எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. என் உதட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதிர்ஷ்டம்.

போகப்போகிறவர்கள் நாற்காலியில் சாய்வதற்கு முன்பே வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். பல்லை எடுப்பவர் மறுநாளும் இங்கே இருப்பாரா? இல்லையென்றால் யார் பார்ப்பார்கள், நேரில் பார்ப்பார்களா? பின்கவனிப்பு என்று ரசீதில் போட்டால் அது போனா நேரிலா என்று அதிலேயே எழுதி வாங்குங்கள். படிவத்தை ஊசிக்கு முன்னால் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கவும் கேளுங்கள். எக்ஸ்ரேயை அன்றே போனில் வாங்கிக்கொள்ளுங்கள். வலிக்கு ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் இரண்டையும் சேர்த்து எடுப்பது ஒன்றை மட்டும் எடுப்பதைவிட நன்றாகக் கேட்கும் என்றார் புது டாக்டர். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை என்று ஏதாவது இருந்தால் ஐபுப்ரோஃபெனை நீங்களாகப் போடாதீர்கள்.

நாளுக்கு நாள் குறையவேண்டிய வலி குறைந்துவிட்டுத் திரும்பினால், போனில் மாத்திரை பெயர் கேட்டு எழுதிக்கொண்டிருக்காதீர்கள், நேரே போய் உட்காருங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறிக்கொண்டே போவது, காய்ச்சல், பஞ்சை அழுத்திக் கடித்தும் நிற்காத ரத்தம் என்றால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கவேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் பல் கிளினிக்கும் வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

பணத்துக்கு எழுத்தில் கேட்டு இரண்டு வாரம் ஆகிறது. "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு வரி வந்தது. நேற்று அதே எண்ணிலிருந்து இன்னொரு குறுஞ்செய்தி: மீதமுள்ள மூன்று ஞானப்பற்களுக்கு இந்த மாதம் சலுகை உண்டாம். குழி இன்னும் முழுக்கத் தூரவில்லை, ஈறு மூட மூன்று நாலு வாரம், உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதம் ஆகுமாம். ஒவ்வொரு ராத்திரியும் சிரிஞ்சும் உப்புநீருமாகக் கண்ணாடி முன்னால் நிற்கிறேன்.